புதுப்பிப்பு: வீட்டு ஸ்டுடியோவுக்குக் கடைசியில் வாங்கியவை

வீட்டிலேயே பாட்டும் வீணையும் பதிவு செய்ய என்ன வாங்கலாம், நுண்ணிய ஒலியையும் பிடிக்கிற கண்டென்சர் மைக்கா, அவ்வளவு நுட்பமாகப் பிடிக்காத டைனமிக்கா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, இப்போது எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது.

மைக்கைக் கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. அதே வரிசையின் சிறிய மாடலான சோலோவில் மைக் இன்புட் ஒன்றுதான், எனக்குக் குரலையும் வீணையையும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் எடுக்க வேண்டும்.

பாதிப் பேர் ஷூர் எஸ்எம்7பி வாங்கச் சொன்னீர்கள். அருமையான மைக்தான், ஆனால் அதற்கு 60 டெசிபல் அளவுக்கு கெயின் (ஒலிப் பெருக்கம்) வேண்டும், விலையும் கையைக் கடிக்கும். குரலுக்கு அதே ஷூரின் டைனமிக் மைக் எஸ்எம்58 போதும் என்று நிறுத்திக்கொண்டேன். வீணைக்கு ஆடியோ டெக்னிகா ஏடி2020 கண்டென்சர். தந்தியை மீட்டிய பிறகு தேய்ந்துகொண்டே போகிற நாதம்கூடத் தெளிவாக விழுகிறது, கூடவே தெருவில் போகிற ஆட்டோவும். கண்டென்சர் இயங்குவதற்காக இன்டர்ஃபேஸிலிருந்து கேபிள் வழியே போகிற 48 வோல்ட் மின்சாரத்தைப் போட்டால் பக்கத்தில் உள்ள எஸ்எம்58 கெட்டுவிடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: சரியான எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) கேபிளில் மாட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது.

சுவரில் ஒட்டுகிற ஃபோம் வாங்கவில்லை. அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர வெளிச்சத்தத்தைத் தடுக்காது, அதனால் முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கிற கார்டியாய்ட் மைக்கின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி, பாடுபவர் பின்னால் தடிமனான ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன். மானிட்டர் ஸ்பீக்கர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு மூடிய ஹெட்ஃபோனும் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளும்தான்.