எழுதிக் கொடு, தேதி போடு

வாட்ஸ்அப் குழு: நம்ம வீடு

ஞாயிறு, இரவு 8.40

நான்: [படம்] சின்னவனின் தமிழ் நோட்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதியதுதான். 'தேயிலை' ஒரே பக்கத்தில் மூன்று விதமாக இருக்கிறது பாருங்கள். தெயிலை, தேலயி, கடைசியில் ஒரு தடவை சரியாக.

அரவேணு சித்தப்பா: வயசு ஏற ஏற சரியாகிவிடும் மா. உன் அண்ணனும் அஞ்சாவது வரை இப்படித்தான் கிறுக்கினான்.

நான்: கையெழுத்து இல்லை சித்தப்பா. நேற்று மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் 'கோவை' போர்டைப் பார்த்து 'கோத்தகிரி வந்துடுச்சு' என்று ஓடிப்போய் ஏறப் பார்த்தான். முதல் எழுத்தை மட்டும் படிக்கிறான், மீதியை ஊகிக்கிறான். ஆனால் எந்த பஸ் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

குன்னூர் அக்கா: என் பெண்ணும் இதே மாதிரிதான். பள்ளியில் சொன்னாயா?

நான்: மூன்று தடவை. கவனமில்லை, சோம்பேறித்தனம் என்றார்கள்.

குன்னூர் அக்கா: வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதிக் கொடு, தேதி போடு. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு வா.

அம்மா: எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒரு பேர் ஒட்டிக்கொள்ளாதா? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்?

குன்னூர் அக்கா: அம்மா, நானும் அதற்குத்தான் பயந்தேன். மூன்றாவதில் சந்தேகம் வந்தும் ஏழாவதில்தான் பரிசோதித்தேன். அந்த நாலு வருஷமும் காலையில் எழுந்தால் வயிற்றுவலி என்பாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. 'மக்கு' என்ற பேர் அவளுக்கு ஏற்கெனவே வகுப்பில் ஒட்டியிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. டாக்டர் இதற்குப் பேர் டிஸ்லெக்ஸியா, படிக்கவும் எழுதவும் சிரமம் தரும் ஒரு கற்றல் குறைபாடு, புத்தி நன்றாக இருக்கிறது என்று சொன்ன அன்று ராத்திரி, 'அப்போ நான் மக்கு இல்லையாம்மா?' என்று கேட்டாள். அதை என்னால் மறக்க முடியாது.

அம்மா: சரி. செய்யுங்கள்.

கூடலூர் அண்ணி: இப்போதுதான் பார்த்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. பிரிவு 16-ஐக் கடிதத்தில் எழுதுங்கள். அதைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்ற முறையில் சொல்லிக்கொடுப்பது பள்ளியின் கடமை என்று அதில் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும்.

நான்: பள்ளியிலேயே டெஸ்ட் எடுப்பார்களா அண்ணி?

கூடலூர் அண்ணி: முதல் பார்வை பள்ளியில். வட்டார வள மையம் என்று பள்ளிகளுக்கு உதவ வட்டாரம்தோறும் கல்வித்துறை மையம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பள்ளி வழியாகவும் நேராகவும் கேட்கலாம். மருத்துவ முகாமும் நடத்துவார்கள், தேதியைக் கேட்டு வையுங்கள். சான்றிதழ் வேண்டுமானால் அரசு மருத்துவமனைதான். முதலில் கண், காது பார்த்து, குழந்தை நல மருத்துவர் நரம்புப் பரிசோதனை செய்வார். அப்புறம் உளவியலாளர் ஐக்யூ, அதாவது புத்திக்கூர்மை, பார்ப்பார். அதற்குப் பிறகுதான் படிப்பு, எழுத்து, கணக்குக்கான சோதனை. சான்றிதழ் 8 வயது ஆனால்தான் தருவார்கள். இவனுக்கு 9 ஆகிவிட்டது இல்லையா?

நான்: ஆமாம், சித்திரையில்.

கூடலூர் அண்ணி: அப்போ தாமதிக்க வேண்டாம். இன்னொன்று. அவன் எந்த மொழியில் யோசிக்கிறானோ அந்த மொழியிலும் பார்க்கச் சொல்லுங்கள். நான் பாடம் எடுக்கும் வகுப்பில், வீட்டில் பணியர் பழங்குடியின் மொழி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழில் கேட்டால் வாயே திறக்காத பெண், அவள் பாட்டி வந்து அவர்கள் மொழியில் கேட்டதும் கதையை முழுசாகச் சொன்னாள். அவளுக்கு மொழிதான் புதிது, குறைபாடு எதுவும் இல்லை. உங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். இரண்டிலும் தடுமாறுகிறான் என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள்.

நான்: இரண்டிலும்தான் அண்ணி.

கலிபோர்னியா அண்ணன்: இங்கே இப்போதுதான் விடிந்தது. பெரியவளுக்கு நாங்களும் எழுத்தில்தான் கேட்டோம். இந்த மாநிலத்தில் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எந்தெந்தச் சோதனை என்று ஒரு திட்டம் நம் கையில் தர வேண்டும். அதில் நாம் கையெழுத்திட்ட பின் 60 நாளுக்குள் சோதனையை முடித்துக் கூட்டம் வைக்க வேண்டும். நீண்ட விடுமுறை கணக்கில் வராது. செலவு, இங்கே பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான 'பள்ளி மாவட்டத்துடையது'. பிள்ளையின் தாய்மொழியிலும் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

குன்னூர் அக்கா: இங்கே அப்படி நாள் கணக்கு வைத்துத் துரத்த முடியாது. அதனால்தான் தேதி போட்ட நகல் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்த நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் போய்ப் பார்.

இரவு 9.25

குன்னூர் அக்கா: இந்தா, இதைப் பார்த்து எழுது.

"ஐயா, என் மகன் தங்கள் பள்ளியில் 4-ஆம் வகுப்பு படிக்கிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கவும், கரும்பலகையைப் பார்த்து எழுதவும் இரண்டாம் வகுப்பிலிருந்தே சிரமப்படுகிறான். வாயால் கேட்டால் பாடத்தை நன்றாகச் சொல்கிறான். அவனுக்குக் கற்றல் குறைபாடு உள்ளதா என முறையாக மதிப்பீடு செய்ய, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16-இன்படி ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். சிறப்புப் பயிற்றுநர் அவனைப் பார்க்க எனக்குச் சம்மதம். நோட்டுப் பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன்."

'மந்தம்', 'சோம்பேறி' என்று நீயாக எந்தச் சொல்லும் சேர்க்காதே. என்ன பார்த்தாயோ அதை மட்டும் எழுது. பஸ் போர்டு விஷயத்தையும் எழுது, டாக்டர் கட்டாயம் கேட்பார்.

அரவேணு சித்தப்பா: இதனால் பரீட்சையில் என்ன கிடைக்கும்? மார்க்கா?

குன்னூர் அக்கா: மார்க்கை யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை சித்தப்பா. பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று கேட்கலாம். அதற்குச் சான்றிதழ் முன்கூட்டியே வேண்டும். எங்களுக்கு ஊட்டிக்கும் கோவைக்கும் அலைந்து முடியவே மாதக்கணக்கில் ஆனது. ஆனால் பரீட்சைக்காக மட்டும் இதைச் செய்யாதே. சத்தமாகப் படித்துக்காட்டி, எழுத்தை மணலில் எழுதவைத்துச் சொல்லிக்கொடுத்த பிறகு என் பெண் தானாகப் புத்தகம் எடுக்கிறாள்.

நான்: 🙏 நாளை எழுதுகிறேன்.

செவ்வாய், மாலை 4.15

நான்: [படம்] கொடுத்துவிட்டேன். முதலில் 'கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்' என்றார்கள். 'நகலில் சீல் வேண்டும் சார்' என்று நின்றேன். போட்டுக் கொடுத்தார்கள். வட்டார வள மையத்தில் வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

அம்மா: வியாழன் நானும் வருகிறேன். அவனுக்கு என்ன சொன்னாய்?

நான்: உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் சுலபமாக இருக்கும் என்று ஒரு டீச்சர் பார்க்கப்போகிறார் என்றேன். 'படிக்கச் சொல்வாங்களா?' என்றான். ஆமாம், தப்பாகப் படித்தாலும் பரவாயில்லை என்றேன்.

குன்னூர் அக்கா: போதும். அன்று காலை வயிறு நிறைய சாப்பிடவை. ஒன்றாம் வகுப்பு நோட்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள். எங்கள் பழைய ஃபைலை நாளை கடைசி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், ஸ்டாண்டில் வாங்கிக்கொள்.