டோக்கனின் பின்பக்கத்தில் இருந்த மூன்றாவது எழுத்து

லண்டனில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில், விலையுயர்ந்த வெள்ளிக்காசுகளுக்கு அப்பால் தனியே வைத்திருந்த ஒரு தட்டில், பதினேழாம் நூற்றாண்டு மதுவிடுதிகள் சில்லறைக் காசுக்குப் பதிலாக வெளியிட்ட டோக்கன்களை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவே இருந்த ஒரு செம்புத் தகட்டின் முன்பக்கத்தில், ஒரு கையில் சீப்பும் மறு கையில் கண்ணாடியும் ஏந்திய கடற்கன்னி. அவளைச் சுற்றி விடுதியின் பெயர் பாதி தேய்ந்திருந்தது. வீடுகளுக்குக் கதவிலக்கம் இல்லாத அந்நாளில், வாசலில் தொங்கிய பலகைச் சித்திரமே விடுதியின் முகவரி; அதையேதான் டோக்கனிலும் பொறித்தார்கள்.

1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது, அரச உரிமம் பெற்று வெளிவந்துகொண்டிருந்த பார்திங் காசுகள் ஏற்கெனவே நின்றுபோயிருந்தன. பென்னியில் கால் பங்கான பார்திங் இல்லாமல் ஏழைகளின் அன்றாடக் கொள்முதல் நடக்காது என்பதால், விடுதிக்காரர்களும் மளிகைக்காரர்களும் தாங்களே சில்லறை அடித்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவற்றை வாங்கி, வகை பிரித்துச் சேர்த்துவைத்து, வெளியிட்டவரிடமே கொடுத்து வெள்ளிக்காசாக மாற்றிக்கொள்வார்கள். ஆகவே அந்தத் தகட்டின் மதிப்பு முழுவதும் விடுதிக்காரரின் வாக்கு நாணயத்தைப் பொறுத்தே இருந்தது.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது பின்பக்கம்தான். அங்கே முக்கோணமாக மூன்று எழுத்துகள் இருந்தன. மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து என்றும், கீழே இடப்புறம் இருப்பது கணவருடையது, வலப்புறம் இருப்பது மனைவியுடையது என்றும் விற்பனையாளர் பொறுமையாக விளக்கினார். சட்டம் மணமான பெண்ணின் உடைமையைக் கணவனுக்கே உரியதாக்கியிருந்த காலத்தில், கடையின் கடன் பொறுப்பைச் சொல்லும் காசில் அவளுடைய எழுத்தும் சேர்ந்து நிற்கிறது. கணவர் இறந்தபின் விடுதியைத் தொடர்ந்து நடத்திய பெண்கள் தம் பெயரிலேயே டோக்கன் வெளியிட்டதும் உண்டு. விடுதியின் உழைப்பில் மனைவிக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் கண்டதில்லை.

1666 லண்டன் பெருந்தீயில் இவ்விடுதிகளில் பல எரிந்துபோயின. 1672-இல் இரண்டாம் சார்லஸ் செம்பில் அரசுச் சில்லறையை வெளியிட்டுத் தனியார் டோக்கன்களைத் தடைசெய்தார். இத்தகைய டோக்கனைக் காணும் வாய்ப்புப் பெறுபவர்கள், சித்திரத்தின் அழகோடு நின்றுவிடாமல், அதைத் திருப்பி அந்த வலப்புற எழுத்தையும் படித்துக் குறித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.