கேசட்டில் ஆடினதைவிட கேம் வேகமா ஓடுது: மியூ மினி ப்ளஸ், ஆனியன் ஓஎஸ்

உப்பளக்காற்று | சனி, இரவு 9.40

மக்களே வணக்கம். எங்க அண்ணனுக்கு கால் எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சிருக்கு. ஆறு வாரம் கட்டில விட்டு இறங்கக் கூடாது. மோட்டுவளையப் பாத்துட்டே கிடக்கானேன்னு ஒரு மியூ மினி ப்ளஸ் வாங்கிக் குடுத்தேன், பழைய டிவி கேம் எல்லாம் ஓட்டுற கையடக்க செட்டு. 1996, 97ல தூத்துக்குடில நாங்க ரெண்டு பேரும் ஒரே டிவி கேமுக்கு அடிச்சிக்கிட்டு வளந்தவங்க. கான்ட்ரா, மரியோ, அப்புறம் சர்க்கஸ். சிங்கத்து மேல உக்காந்து நெருப்பு வளையம் தாண்டணும்லா, அதுதான் அவனுக்கு உசுரு. தெருவுல யாராலயும் அதுல அவன ஜெயிக்க முடியாது.

யூடியூப் பாத்து நானே அதுக்கான ஆனியன் ஓஎஸ்ங்கிற சாஃப்ட்வேர ஏத்திட்டேன். மூணு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கேன்.

ஒண்ணு, கார்டு. இங்க ஒரு கடையில 128 ஜிபி மைக்ரோ எஸ்டி சல்லிசா கிடைச்சது. கம்ப்யூட்டர்ல எல்லாம் காப்பி ஆச்சு, பிழை எதுவும் காட்டல. மியூல போட்டா கேம் பேரு எல்லாம் இருக்கு, பாதியத் திறந்தா கறுப்புத் திரைதான்.

ரெண்டு, பிளேஸ்டேஷன் 1. எங்கிட்ட இருக்க சொந்த டிஸ்க்குகள இம்ஜ்பர்ன்ங்கிற சாஃப்ட்வேர்ல ரிப் பண்ணி ஃபைலா எடுத்தேன். ஒண்ணுகூட ஓடல.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். சர்க்கஸ் நல்லாத்தான் ஓடுது. ஆனா அண்ணன் அஞ்சு நிமிஷம் ஆடிட்டு கீழ வச்சிட்டான். "இது நம்ம கேம் இல்லட்டி. சிங்கம் அவசரப்படுது"ன்னான். "இத்தன வருஷம் ஆச்சு, கை வேகம் கொறைஞ்சிருக்கும்"னு மதினி சொன்னாங்க. அதுக்கப்புறம் அவன் அதத் தொடல, சுவரப் பாத்து திரும்பிப் படுத்துக்கிட்டான். உண்மையிலயே வேகமா ஓடுதா, அவனுக்கு அப்படித் தோணுதா? பழைய செட்டு மாதிரியே நடிச்சு கேம ஓட்டுற சாஃப்ட்வேர் இருக்குல்ல, அந்த எமுலேட்டர்ல எதாவது தப்பா வச்சிட்டேனா?

ஈயப்பற்று | சனி, இரவு 11.15

உங்க அண்ணன் சொல்றது சரி. கேம் நிஜமாவே வேகமாத்தான் ஓடுது. இத முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க, மீதிய அப்புறம் படிக்கலாம்.

நான் பாளையங்கோட்டைல ஏழு வருஷம் டிவி, டெக், டிவி கேம் ரிப்பேர் பண்ணினவன். கேசட் மாட்டுற இடத்துல 60 பின் இருக்கும், அதுல எறும்பு கூடு கட்டியிருக்கும். அழிரப்பரால கேசட்டோட செம்புப் பல்லத் தேச்சு, ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சுக் குடுத்தா பசங்க முகத்துல வர்ற வெளிச்சம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. பின்னாடி வந்த மலிவு செட்டுகள்ல சிப்பே தெரியாது, போர்டு நடுவுல கறுப்புப் பிசின் உருண்டை ஒண்ணு ஒட்டியிருக்கும். கொஞ்சம் பழைய செட்டத் திறந்தா தனித்தனி சிப் தெரியும். லென்ஸ் வச்சுப் பாத்தா யூஎம்சிங்கிற தைவான் சிப் கம்பெனி முத்திரை, ஒண்ணுல யூஏ6527பி, இன்னொண்ணுல யூஏ6538. பக்கத்துல தகர டப்பா மாதிரி ஒரு கிறிஸ்டல், செட்டோட வேகத்துக்கு அதோட துடிப்புதான் அளவு. அதுல 26.601712னு மெகாஹெர்ட்ஸ் கணக்கு பொறிச்சிருக்கும். உங்க கேள்விக்குப் பதில் அந்த எண்ணுல இருக்கு.

நம்ம டிவி கேம் செட்டு எல்லாம் நின்டெண்டோ கம்பெனியோட ஃபேமிகாமுக்கு நகல். அந்த ஒரிஜினல் ஃபேமிகாம் 1983ல ஜப்பான்ல வந்தது. அந்த ஊரு டிவி ஒரு செகண்டுக்கு 60 தடவை படம் வரையும். அப்ப நம்ம ஊரு டிவி பி.ஏ.எல். முறை, 50 தடவைதான். அந்தக் காலத்து கேம்கள்ல கடிகாரம்னு தனியா ஒண்ணு கிடையாது. படம் ஒரு தடவை மாறினா சிங்கம் இத்தனை புள்ளி நகரணும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச கணக்கு. அதனால 60க்கு எழுதின கேம 50ல ஓட்டினா சிங்கம், வளையம், பாட்டு எல்லாமே ஆறுல அஞ்சு பங்கு வேகத்துக்கு இறங்கிடும். நம்ம டிவிக்குன்னு செஞ்ச செட்டுல ஆடின பிள்ளைங்க எல்லாரும் அந்த நிதானத்துலதான் கை பழகினோம். உங்க எமுலேட்டர் ஜப்பான், அமெரிக்கா வேகத்துல ஓட்டுது. எப்ப பட்டனை அமுக்கணும்னு அண்ணனோட விரலுக்குள்ள ஒரு கணக்கு இருக்குல்ல, அது கொஞ்சமும் கெடல. கெட்டிருந்தா அவருக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது.

நம்பலன்னா அளந்து பாருங்க. மரியோ முதல் ஸ்டேஜ் திறங்க, ஆரம்பிச்ச இடத்துலயே நில்லுங்க. அங்க எந்த எதிரியும் வராது. மேல டைம் 400லிருந்து இறங்கும். அது செகண்ட் இல்ல, 24 தடவை படம் மாறினா ஒண்ணு குறையும். 400லிருந்து 300க்கு வர எவ்வளவு நேரம்னு போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாருங்க. ஜப்பான் வேகம்னா 40 செகண்ட், நம்ம வேகம்னா 48.

இப்ப செட்டிங். கேம் ஓடும்போது மெனு பட்டனும் செலக்டும் சேத்து அமுக்கினா ரெட்ரோஆர்ச் திறக்கும், எமுலேட்டர்களுக்கான மெனு அது. கோர் ஆப்ஷன்ஸ் உள்ள போங்க. கோர்னா ஒரு வகை செட்டுக்கான எமுலேட்டர். ஃபேமிகாம ஓட்டுற எஃப்சிஇயூஎம்எம் கோர்ல 'ரீஜியன்'னு இருக்கும், அதுல டெண்டி வைங்க. டெண்டிங்கிறது 1992ல ரஷ்யால வித்த ஃபேமிகாம் நகல் செட்டு. அதுலயும் யூஎம்சி சிப்தான், அதான் எமுலேட்டர் உலகத்துல இந்த வகைக்கே அந்தப் பேரு நின்னுபோச்சு. பக்கத்துல பி.ஏ.எல்.னு இருக்கும், அதுவும் 50தானேன்னு அத வச்சிடாதீங்க. ஐரோப்பால விக்க நின்டெண்டோவே செஞ்ச செட்டு அது. அதே 26.6 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல 16ஆல வகுத்து ப்ராசஸர ஓட்டினாங்க, 1.66 மெகாஹெர்ட்ஸ் வரும். நம்ம வகை 15ஆல வகுக்குது, 1.77 வரும். ஜப்பான் ஒரிஜினல் 1.79. சத்தமும் ப்ராசஸர் வேகத்துலதான் தொங்குது. அதனால பி.ஏ.எல். வச்சா பாட்டு அரைக் கட்டைக்கு மேல சுருதி இறங்கி அழுமூஞ்சியா கேக்கும். டெண்டில தாளம் மட்டும் நிதானமாகும், சுருதி அப்படியே நிக்கும். நம்ம வீட்டுல கேட்டது அதுதான்.

வச்ச பிறகு கேம ரீஸ்டார்ட் குடுங்க. அதே கோர் ஆப்ஷன்ஸ்ல அந்த கேமுக்கு மட்டும் சேவ் பண்ற வசதியும் இருக்கு.

கார்டு விஷயம்: அநேகமா அது போலி 128. உள்ள இருக்கிறது 8ஓ 16ஓதான், 128னு பொய் சொல்லும். இடம் தீர்ந்ததும் பழையது மேலயே எழுதும், அதனால பேரு இருக்கும், சரக்கு இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற கார்டு சோதிக்கிற சாஃப்ட்வேர ஓட்டினா உண்மை தெரிஞ்சிடும். உங்களுக்கு 128ஏ வேண்டாம். மரியோ முழுசும் 40 கேபிதான். நல்ல கம்பெனி 32 ஜிபி ஒண்ணு வாங்கி ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணுங்க.

பிளேஸ்டேஷனுக்கு ரெண்டே சந்தேகம். டிஸ்க ரிப் பண்ணினா பின் (.bin), கியூ (.cue)னு ரெண்டு ஃபைல் வரும், கேம் பின்ல இருக்கும், அது எந்த ஃபைல்னு கியூ சொல்லும். பின் ஃபைலுக்கு நீங்க பேரு மாத்தினீங்களா? கியூ ஃபைல நோட்பேடுல திறந்து பாருங்க, முதல் வரியில பழைய பேரே இருக்கும். அங்கயும் மாத்தணும். ரெண்டையும் சேத்தே கார்டுல ரோம்ஸ்ங்கிற ஃபோல்டருக்குள்ள இருக்க பிஎஸ் ஃபோல்டர்ல போடணும். அடுத்தது பயாஸ், பிளேஸ்டேஷன் ஆன் ஆகும்போது ஓடுற அதோட உள் சாஃப்ட்வேர். உங்க சொந்த மெஷின்லருந்து எடுத்ததுன்னா சரியா 5,24,288 பைட் இருக்கணும். இல்லாமலும் பல கேம் ஓடும், கோருக்குள்ளயே மாற்று ஒண்ணு இருக்கு. சிலது மட்டும் தகராறு பண்ணும். கேம் ஃபைல் எங்க இறக்குறதுன்னு மட்டும் நான் எழுத மாட்டேன். பழைய கேசட் கைவசம் இருந்தா அதுலருந்து எடுக்குற கருவி விக்குது, அதப் பத்தி வேணா தனியாச் சொல்றேன்.

சதுரப்புள்ளி | ஞாயிறு, காலை 7.05

அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். மியூ திரை 60 தடவைதான் புதுப்பிக்கும். அதுல 50 ஓட்டினா செகண்டுக்குப் பத்து படம் ரெண்டு தடவை வரும், திரை நகரும்போது லேசா ஒரு தட்டல் தெரியும். வேகம் மாறாது. நான் அத ஏத்துக்கிட்டேன், கான்ட்ரால ஓடும்போதுதான் கண்ணுக்குப் படுது.

திரை அளவையும் ஒருக்கா பாத்துக்குங்க. கேம் படம் 256க்கு 240 புள்ளி, மியூ திரை 640க்கு 480. இன்டிஜர் ஸ்கேல் ஆன் பண்ணினா ரெட்டிப்பா 512க்கு 480 உக்காரும், ஒவ்வொரு புள்ளியும் சுத்தமா இருக்கும், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். ஆனா பழைய டிவில பாத்த அகலம் வேணும்னா 4க்கு 3 வச்சு முழுத்திரையா நிரப்புங்க. அண்ணனுக்கு அதுதான் பழக்கமா இருக்கும்னு நினைக்கிறேன்.

உப்பளக்காற்று | ஞாயிறு, மதியம் 2.30

ஈயப்பற்று அண்ணே, கார்டு நீங்க சொன்னபடியே. சோதிச்சதுல உள்ள 16 ஜிபிதான் இருக்கு. புது 32 வாங்கியாச்சு. பின் ஃபைலுக்கு நான் பேரு மாத்தினதும் உண்மை. கியூல திருத்தினதும் ரெண்டு டிஸ்க் ஓடிருச்சு.

மரியோ சோதனைய அண்ணன் கையிலயே குடுத்துச் செஞ்சோம். மதினி ஸ்டாப்வாட்ச் புடிச்சாங்க. முதல்ல 40. டெண்டி மாத்தின பிறகு 48, துல்லியமா. மதினி ஒண்ணும் பேசல, தலையணைய எடுத்து அவன் முதுகுக்குக் குடுத்து நிமிந்து உக்கார வச்சாங்க.

சர்க்கஸ் திறந்தான். முதல் ஸ்டேஜ் ஒரு உயிர்கூட விடாம முடிச்சிட்டான். அப்புறம் காதுகிட்ட வச்சுக் கேட்டுட்டு, "வேகம் சரி. ஆனா கொரல் வேற"ங்கான். பாட்டு அதேதான், சுருதியும் அதேதான், ஆனா நம்ம செட்டுல கேட்ட சத்தம் இது இல்லையாம். கயிறு மேல நடக்குற ஸ்டேஜ்ல நல்லாத் தெரியுதுங்கான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ஸ்பீக்கர் சின்னதா இருக்கதாலயா?

வடமராட்சியான் | ஞாயிறு, இரவு 8.20

தங்கச்சி, உங்கட அண்ணாவின்ர காதுக்கு நான் தலை வணங்குறன். ஸ்பீக்கர் இல்லை காரணம்.

எங்கட வீட்டிலயும் 2003 அளவில உப்பிடி ஒரு செட் இருந்தது. எமுலேட்டரில முதல் தரம் கேட்டபோது எனக்கும் இதே உறுத்தல்தான், காரணம் தேடிக் கண்டுபிடிக்கக் கனகாலம் எடுத்தது. ஃபேமிகாமில மெட்டு வாசிக்கிற சதுர அலை வாய்க்கால் (சேனல்) ரெண்டு இருக்கு. அந்த அலை எவ்வளவு நேரம் மேல நிக்குது, எவ்வளவு நேரம் கீழ நிக்குது எண்டதைப் பொறுத்துத்தான் குரல் மாறும். மேல நிக்கிற நேரம் 25 சதவீதம் எண்டால் கொஞ்சம் மூக்கால பாடின மாதிரி மெல்லிசு, 50 எண்டால் உருண்டு திரண்ட சத்தம். நகல் சிப்புகள் பலதில இந்த ரெண்டும் இடம் மாறிக் கிடக்கு. கேம் 25 கேட்டால் சிப் 50 குடுக்கும், 50 கேட்டால் 25. சுரம் ஒண்டும் மாறாது, குரல் மட்டும் மாறும். சின்ன வயசில முழுக்க இடம் மாறின குரலைத்தான் நாங்கள் கேட்டு வளந்தது.

எஃப்சிஇயூஎம்எம் கோரில இதுக்கெண்டே ஒரு தெரிவு இருக்கு. அதே கோர் ஆப்ஷன்ஸில சத்தம் சம்பந்தமான பகுதியில 'ஸ்வாப் டூட்டி சைக்கிள்ஸ்' எண்டு இருக்கும், அதை ஆன் பண்ணிப் பாருங்கோ. அண்ணாவுக்குச் சொல்லாமல் மாத்திப்போட்டுக் குடுங்கோ, அவர் கண்டுபிடிக்கிறாரோ எண்டு பாப்பம்.

ஈயப்பற்று | ஞாயிறு, இரவு 9.00

அருமை. ஏழு வருஷம் அந்த போர்டுகளத் தொட்டிருக்கேன், இது எனக்குத் தெரியாது. என் சர்வீஸ்ல ஒரு பையன் "புது செட்டுல பாட்டு சரியில்ல, பழையத குடுங்க"ன்னு அழுதிருக்கான். ஸ்பீக்கர் பழுதுன்னு நினைச்சு டிவியத் திறந்து பாத்தேன். அந்தப் பையன நான் நம்பியிருக்கணும்.

உப்பளக்காற்று | திங்கள், காலை 6.50

சொல்லாமத்தான் மாத்தினேன். ராத்திரி பத்து மணிக்கு சார்ஜ் போட்டுக் குடுக்க மாதிரி குடுத்தேன். சர்க்கஸ் திறந்து கயிறு ஸ்டேஜ் வர வரைக்கும் ஆடினான். பாட்டு ஆரம்பிச்சதும் கை நின்னுபோச்சு. குரங்கு வந்து மோதி உயிர் போனதக்கூட கவனிக்கல. "ஏட்டி, என்ன செஞ்ச?"ன்னு கேட்டான். நீங்க எழுதினத எல்லாம் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். வடமராட்சியான் அண்ணன் எழுதினத ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னான்.

ஈயப்பற்று அண்ணே, அந்தக் கேசட் எடுக்குற கருவியப் பத்தி எழுதுங்க. எங்க கேசட் நாலு அம்மா வீட்டுப் பரண்ல ஒரு பிஸ்கட் டின்ல கிடக்குன்னு இன்னைக்குக் காலைல அவன் சொல்றான். அதுல ஒண்ணுல கடல் மேல பறவை பறக்கற மெனு வரும், 9999999 கேம்னு போட்டிருக்கும். 60 பின்தான். செம்புப் பல்லு கறுத்திருந்தா அழிரப்பர் போதுமா, வேற எதாவது வேணுமா?