புதுப்பிப்பு: டி-மேக்ஸின் முன்பக்கம் உயர்ந்துவிட்டது

முதல் தலைமுறை இசுசு டி-மேக்ஸ் பிக்கப் வண்டியின் தாழ்ந்த முன்பக்கத்தைக் குறைந்த செலவில் உயர்த்த வழி கேட்டிருந்தேன். வெள்ளம்பிட்டிப் பக்கம் மழைநீர் தேங்கினால் அந்த உயரம் எனக்குப் பெரிய விடயம். பலர் ஸ்பேசர், அதாவது வில்லோடு சேர்த்து வைக்கும் உயர்த்தும் துண்டு, போடச் சொன்னீர்கள். அது சுருள்வில் உள்ள வண்டிகளுக்குத்தான் சரி. என்னுடைய ஃபோர் வீல் வண்டியில் முன்னால் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுகி வில்லாக வேலை செய்யும் இரும்புத் தண்டு. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் உயர்த்தும் கிட் தேட வேண்டியதே இல்லை, டார்ஷன் பாரைச் சரிசெய்யும் போல்ட்டைத் திருகினால் போதும்.

முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, பாரமில்லாத நிலையில் திருகினோம். இறக்கியதும் சற்று ஓட்டிவிட்டுத்தான் சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்தோம். உடனே அளந்தால் கணக்குப் பிழைக்கும். இரு பக்கமும் 35 மில்லிமீட்டர் ஏறியது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: திருகுவதால் டார்ஷன் பாரின் விறைப்பு கூடுவதில்லை, உயரம் மட்டுமே மாறுகிறது. ஆனாலும் ஓட்டம் கடினமாகத் தோன்றும், ஏனெனில் சக்கரம் கீழே இறங்க மிஞ்சும் இடம் குறைகிறது. இந்த உயரத்துக்கு மேல் ஏற்றினால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை (அப்பர் ஆர்ம்) தடுப்பில் மோதும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட்டின் கோணமும் கெடும். பேராசை வேண்டாம்!

கேம்பரும் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு) டோவும் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிட்டதால் அலைன்மென்ட் கட்டாயம். பெரிய செலவு அதுதான். முன்பக்கம் உயர்ந்ததால் முகப்பு விளக்குகளின் ஒளியையும் தாழ்த்தினேன், எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண் முக்கியம். சிவி ஜாயின்ட் ரப்பர் உறைகளை அடுத்த சர்வீஸில் பார்த்து எழுதுகிறேன்.