எலிச் சிறுநீரில் பாராசிட்டமால் மெட்டபோலைட்டுகள்: ஜிசி போதுமா, எல்சி-எம்எஸ்தான் வேண்டுமா?

பொம்மசந்திரா_லேப்:
வணக்கம். பெங்களூரில் ஒரு சிறிய லேப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. எலிச் சிறுநீரில் பாராசிட்டமாலையும், உடல் அதை மாற்றி வெளியேற்றும் மெட்டபோலைட்டுகளான குளுக்குரோனைடு, சல்ஃபேட்டு இரண்டையும் அளக்க வேண்டும். எல்சி-எம்எஸ்/எம்எஸ்ஸுக்கு (திரவ ஓட்டத்தில் பிரித்து, நிறையை வைத்து அளக்கும் கருவி) எப்போதும் வரிசை நிற்கிறது. ஜிசி-எம்எஸ் (வாயு ஓட்டத்தில் பிரிப்பது) சும்மா கிடக்கிறது. அதிலேயே முடித்துவிடலாமா?

ஜிகணிக்காரி:
வேண்டாம் தம்பி. ஜிசிக்குப் பொருள் ஆவியாக வேண்டும். குளுக்குரோனைடு 250 டிகிரி இன்ஜெக்டரில் ஆவியாகும் முன்பே சிதைந்துவிடும். என்சைம் போட்டு உடைத்து, சிலைலேஷன் செய்து (எளிதில் ஆவியாகும்படி சிலிக்கான் தொகுதி சேர்த்து) ஓட்டலாம்தான். ஊக்கமருந்துச் சோதனையில் ஸ்டீராய்டுகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உடைத்தபின் எது மருந்தாகவே வந்தது, எது குளுக்குரோனைடாக வந்தது என்று தெரியாது. உடைக்காமலும் ஒருமுறை ஓட்டிக் கழிக்க வேண்டும். சல்ஃபேட்டுக்கு வேறு என்சைம். இவ்வளவு பாடு எதற்கு?

பீன்யா_ராத்திரி_ஷிஃப்ட்:
யுவி (புற ஊதா ஒளி) டிடெக்டர் வைத்த எச்பிஎல்சி (மாஸ் இல்லாத திரவப் பிரிப்புக் கருவி) இருந்தால் அதையும் பாருங்கள். சிறுநீரில் இவை தாராளமாக இருக்கும், 254 நானோமீட்டரில் நன்றாகவே தெரியும். இதே மருந்தின் சிஸ்டீன், மெர்காப்டூரேட் வடிவங்கள் போன்ற குறைந்த அளவுப் பொருள்களுக்குத்தான் மாஸ் (எம்எஸ்) தேவைப்படும்.

ஜிகணிக்காரி:
சரிதான். மாஸ் கிடைத்தாலும் பிரித்தலில் அவசரப்படாதீர்கள். என் முதல் மெத்தடில் எல்லாம் 2 நிமிடத்துக்குள் வெளியே வரும்படி ஓட்டினேன். 152→110 சேனலில் (152 நிறையுள்ள அயனி உடைந்து 110 ஆவதைப் பார்ப்பது) பாராசிட்டமால் எகிறியது. ஒரு வாரம் கேலிப்ரேஷனைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் குளுக்குரோனைடு ஸ்டாண்டர்டை மட்டும் தனியாகச் செலுத்தினேன். மருந்தே போடாத வயலில் மருந்தின் பீக்! அயன் சோர்ஸிலேயே (பொருளுக்கு மின்னூட்டம் ஏற்றும் இடம்) குளுக்குரோனைடிலிருந்து 176 டால்டன் கழன்று, 328 என்பது 152 ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு மாஸுக்கு இரண்டும் ஒன்றுதான். வெளியே வரும் நேரத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஓடும் கரைப்பானை 2 சதவீத அசிட்டோநைட்ரைலில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள்.

பொம்மசந்திரா_லேப்:
நன்றி அக்கா. நேற்று இரவு இடம் கிடைத்தது, ஓட்டினேன். குளுக்குரோனைடு வரும் அதே 1.9 நிமிடத்தில் 152→110-இல் ஒரு சின்ன மேடு! பாராசிட்டமால் 3.4-இல் தனியாக நிற்கிறது. சல்ஃபேட்டு மட்டும் மங்கல். நெகட்டிவ் மோடுக்கு (எதிர்மின் அயனிகளைப் பார்க்கும் முறை) மாற்றட்டுமா?

ஜிகணிக்காரி:
மாற்றுங்கள். 230→150 வைத்துப் பாருங்கள்.