சூரிய மின்பம்பிக்கு எந்தப் பற்றரி?

கேள்வி (புதுக்குடியிருப்பு):
கச்சான் தோட்டத்தில் ஈயப் பற்றரி இரண்டும் பழுதாகிவிட்டன. முனைகளில் வெள்ளை பூத்து, பக்கம் வீங்கியிருக்கிறது. லித்தியம் வாங்கலாம் என்றால், அதில் சேரும் கோபால்டைக் கொங்கோவில் சிறுவர்களும் தோண்டுவதாகப் படித்தேன். ஷெல் சிதறிய மண்ணைக் கையால் கிளறியவன் நான். மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

பதில் (கிளிநொச்சி):
அண்ணா, லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகையைக் கேளுங்கள். அதில் கோபால்டும் இல்லை, நிக்கலும் இல்லை. ஒரு கலத்துக்கு 3.2 வோல்ற் என்று எழுதியிருக்கும். கோபால்ட் சேர்ந்த லித்தியத்தை விட எடை சற்றுக் கூட. தோட்டத்துக்கு அது பொருட்டல்ல.

பதில் (மன்னார்):
லித்தியத்துக்காகச் சிலியின் அற்றகாமாப் பாலைவனத்தில் உவர்நீரை இறைத்து வெயிலில் காயவிடுகிறார்கள். நீர் வற்றுமே என்று அங்குள்ளவர்களுக்குப் பயம். இல்மனைற் என்னும் கனிம மணலுக்காக இங்கே துளையிட்டபோது எங்களுக்கும் அதே பயம்தான்.

கேட்டவர்:
நன்றி தம்பி. பழைய ஈயத்தைக் கிணற்றடியில் விடாமல் நாளைக்கே விற்றுவிடுகிறேன்.