வேளச்சேரியிலிருந்து ஒயிட்ஃபீல்டு: வீடு பார்க்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

வேளச்சேரி வாசி:
ஜனவரியில் பெங்களூருக்குக் குடிமாறுகிறோம். அலுவலகம் ஒயிட்ஃபீல்டில். நாங்கள் இருவர், ஆறு வயதுப் பெண், தமிழ்நாட்டுப் பதிவு ஸ்கூட்டர் ஒன்று. குளிர், ட்ராஃபிக் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மாதச் செலவிலும் வீட்டு வேலையிலும் எது மாறும், வீட்டுக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

மகாதேவபுரா:
முதலில் தண்ணீர், மற்றதெல்லாம் அப்புறம். சென்னைக்கு ஏரிகள், வீராணம், கடல்நீர் ஆலைகள் என்று பல பக்கமிருந்து வருகிறது. பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. காவிரித் தண்ணீரைத் தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குக் குழாயில் கொண்டுவந்து, கட்டம் கட்டமாகப் பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். நீங்கள் வரும் பக்கமெல்லாம் மாநகராட்சியில் பிற்பாடு சேர்ந்த ஊர்கள். அப்படிச் சேர்ந்த 110 கிராமங்களுக்காகத்தான் 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்தது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். ஆனால் தெருவில் குழாய் போட்டிருப்பது வேறு, உங்கள் கட்டடம் இணைப்பு வாங்கியிருப்பது வேறு.

"காவேரி வாட்டர் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, சம்ப்பில் போர் தண்ணீரும் டேங்கரும் அதோடு கலக்கிறதா, டேங்கர் காசு மெயின்டெனன்ஸில் அடக்கமா தனியா என்று பிரித்துக் கேளுங்கள். மார்ச், ஏப்ரல் மாத மெயின்டெனன்ஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மழைக்காலப் பில்லில் டேங்கர் செலவு தெரியாது. 2024 மார்ச்சில் போர்கள் வற்றியபோது திண்டாடியது இந்தக் கேள்வியைக் கேட்காமல் குடிவந்தவர்கள்தான்.

சமையலறைக் குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 500-க்குள் இருந்தால் நல்லது. மீட்டர் இல்லையென்றால் குழாய் மூக்கை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தால் உப்பு படியும் தண்ணீர். இங்கே கீஸர் வருஷம் முழுக்க ஓடும், அந்தப் படிவு அதன் சூடாக்கும் காயிலைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அட்வான்ஸ்: தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாதம் என்கிறது. அந்தக் கணக்கோடு இங்கே வராதீர்கள். பத்து மாதம் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் உண்டு. பேசினால் ஐந்து, ஆறுக்கு இறங்குவார்கள். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம். அதற்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

பர்ப்பிள் லைன்:
போக்குவரத்து, கரண்ட் பத்தி நான் சொல்றேன்.

மெட்ரோ பர்ப்பிள் லைன் 2023 அக்டோபர்லேர்ந்து ஒயிட்ஃபீல்டு–சல்லகட்டா முழுசா ஓடுது. அதனால கிலோமீட்டரைப் பார்க்காம, ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தைப் பாருங்க. ஸ்டேஷன் பக்கத்துல வீடு, மறுமுனையில நடந்து போற தூரத்துல ஆபீஸ் அமைஞ்சா பயண நேரம் தினம் ஒரே மாதிரி இருக்கும். இல்லேன்னா மழை பெய்யிற சாயங்காலம் ஒவ்வொண்ணும் ஒரு கணக்கு. கடற்கரை–தாம்பரம் மாதிரி குறைஞ்ச டிக்கெட்ல ஏறி உட்கார இங்க புறநகர் ரயில் கிடையாது. மெட்ரோவும் 2025 பிப்ரவரியில ஏத்தினப்போ உச்சக் கட்டணம் 90 ரூபாய் ஆச்சு. சென்னையில அது 50.

ஸ்கூட்டர்: 12 மாசத்துக்கு மேல இங்க ஓட்டினா கர்நாடகா ஆயுள் வரி கட்டி மறுபதிவு பண்ணணும். கிளம்புறதுக்கு முன்னாடியே பழைய ஆர்டிஓ-வுல படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிடுங்க. லோன் இருந்தா முதல்ல பேங்க் கடிதம் வேணும், பாக்கி அபராதம் இருந்தாலும் வேலை நின்னுடும். புது நம்பர் வந்ததும் தமிழ்நாட்டுல கட்டின வரியில மீதியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பல பேர் இதை மறந்து அந்தப் பணத்தை விட்டுடுறாங்க.

கரண்ட் பில் இங்க மாசாமாசம் வரும். கிருஹ ஜோதிங்கிற கர்நாடக அரசோட இலவச மின்சாரத் திட்டம் வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் உண்டு. எல்லா வீட்டுக்கும் 200 யூனிட் இலவசம்னு நினைக்காதீங்க, அது உச்சவரம்புதான். முந்தைய சராசரியை வெச்சு அளவு போடுவாங்க. பழைய குடித்தனக்காரர் தன் ஆதாரை அந்த மீட்டர்லேர்ந்து விடுவிச்சாத்தான் உங்களதைச் சேர்க்க முடியும். சாவி வாங்கற அன்னிக்கே இதைக் கேட்டுடுங்க.

வேளச்சேரி வாசி:
மிக்க நன்றி. என் மனைவிக்கு அங்கேயும் பஸ் இலவசம்தானே?

பர்ப்பிள் லைன்:
உடனே கிடைக்காது. சென்னையில சாதாரண பஸ்ல எந்த ஊர்ப் பெண்ணும் அடையாள அட்டை இல்லாம போகலாம். இங்க சக்தி திட்டம் கர்நாடக முகவரி இருக்கிறவங்களுக்கு மட்டும். ஆதார் முகவரியை மாத்தற வரைக்கும் டிக்கெட் எடுக்கணும். ஏசி பஸ்ல எப்பவுமே கட்டணம் உண்டு.

ஹலசூரு அக்கா:
பள்ளியில் சேர்க்கும்போது கன்னடம் எந்த வகுப்பிலிருந்து, இரண்டாம் மொழியா மூன்றாம் மொழியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிபிஎஸ்இ பள்ளியானாலும் கன்னடம் உண்டு. சிறு வயது, சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

ஜனவரியில் வருகிறீர்கள், அதனால் இட்லி மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பொங்கி வழியும். இங்கே அந்த மாதம் ராத்திரி 15 டிகிரிக்குப் போகும். மேடையில் வைத்த மாவு விடிந்தும் அப்படியே கிடக்கும், இட்லி தட்டையாக வரும். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், அளவில் மாற்றம் வேண்டாம். உளுந்து ஆட்டும்போது அங்கே போல ஐஸ் தண்ணீர் தெளிக்காதீர்கள், வெதுவெதுப்பான நீர் போதும். உப்பு போட்டுக் கையால் கரைத்து, கனமான பாத்திரத்தில் ஊற்றி, துண்டு சுற்றி, மூடிய ஓவனுக்குள் (கேக் சுடும் மின் அடுப்பு) அதன் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் வைத்தால்தான் காலை எட்டுக்கு ஆகும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் இட்லிக்குத் தயார். மூழ்கினால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள், சோடா உப்பு போட்டு அவசரப்படுத்த வேண்டாம்.